மாட்டைத் தொடாமலே பாஸ்

என்மேல் பரிதாபப்படுகிறவர்களை எனக்கு ஆகாது. திட்டுகிறவர்களோடு எப்படியோ ஒத்துப்போய்விடுவேன். பரிதாபப்பட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உனக்கு வேண்டாம், நீ உட்கார்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் மட்டும் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டெக்சாஸில் ஒரு கல்லூரிப் பண்ணையில், எண்பதுகளின் நடுவில், மூன்று வாரம் அப்படி ஒருவரிடம் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் டல்லஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருந்தோம். கணவருக்கு டெலிபோன் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. நான் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படித்து, ஒரு சிறிய ஊரின் அரசு மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்தவள். இந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய லைசென்ஸ் வேண்டும். எழுத்துப் பரீட்சைகளை முடித்துவிட்டேன். மிச்சமிருந்தது ஒரு வருடக் கைவேலை. நாய், பூனை, குதிரை, மாடு என்று பிரிவுக்குச் சில வாரம், கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் ஒரு தாள். அதில் வேலைக்கு ஒன்றாகப் பதினொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆசிரியர் ‘திருப்தி’ என்றோ ‘திருப்தியில்லை’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு வரி குறைந்தாலும் அந்தப் பிரிவை முழுவதுமாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

நாய், பூனை, குதிரை எல்லாம் தாண்டிவிட்டேன். இறைச்சி மாட்டுப் பிரிவு ஜூலையில் வந்தது. பண்ணை எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவ். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் மாட்டை விரட்டினால் மாடும் விழும், நாமும் விழுவோம்.

இந்த மாடுகள் வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கிற மாடுகள் அல்ல. வருடம் முழுக்கப் புல்வெளியில் தன்போக்கில் மேய்ந்துவிட்டு, ஊசி போடவும் சினை பார்க்கவும் ஒன்றிரண்டு தடவை மட்டும் மனிதக் கை படுகிறவை. அவற்றைப் பட்டியிலிருந்து ஒரு குறுகலான சந்துக்குள் வரிசையாக ஓட்டி, சந்தின் கடைசியில் இருக்கும் இரும்புக் கூண்டுக்குள் ஒவ்வொன்றாக விடுவார்கள். தலை வெளியே வந்ததும் ஒருவர் லீவரை இழுத்துக் கழுத்தைப் பிடிக்கும் கதவை மூட வேண்டும். அரை நொடி முன்னால் மூடினால் மாடு பின்வாங்கிவிடும். அரை நொடி பிந்தினால் அது வெளியே போயே போய்விடும். எங்கள் வகுப்பில் எட்டு மாணவர்கள், அதில் இரண்டு பெண்கள். இருவரும் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள்; கன்றுக்குட்டியைக் காலை வாரிக் கீழே தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியர் ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, உயரமான மனிதர். மாடுகளிடம் மெதுவாகப் பேசுவார். மாணவர்களிடம் கத்துவார். "கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?" என்பது அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும் கேள்வி. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திட்டு வாங்கியவன் அடுத்த தடவை ஒழுங்காகச் செய்வான்.

முதல் நாள் நடந்தது இதுதான். சந்தின் பக்கவாட்டில் ஆள் நடக்க உயரத்தில் ஒரு பலகை உண்டு. அதில் போகும்போது சாணியில் வழுக்கி, என் பூட்ஸ் ஒரு கறுப்புப் பசுவின் முதுகில் பட்டது. கை தானாகப் போய் அந்த முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை. பாடப் புத்தகத்தில் கால் பட்டால் செய்வோம், பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள்மேல் கால் பட்டால் செய்வோம். இதற்கும் மாட்டைக் கும்பிடுவதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் நான் கிறிஸ்தவள். திருநெல்வேலிப் பக்கத்தில் நாலு தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற குடும்பம். மாட்டுக்கறி எங்கள் வீட்டில் விலக்கில்லை.

ஆனால் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை என்னைத் தனியாக அழைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உன் மதத்தில் இந்த மிருகம் என்ன என்று எனக்குத் தெரியும். இதைக் கூண்டில் நெருக்கி, காதில் ஓட்டை போட்டு, கடைசியில் கசாப்புக்கு அனுப்பும் வேலையை உன்னைச் செய்யச் சொன்னது என் தப்பு. நீ இதில் எதையும் தொட வேண்டாம்" என்றார். ஒரு கிளிப்போர்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். காது நம்பர், ஊசி மருந்து, சினை மாதம் இவற்றை மற்றவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"நான் இந்து இல்லை, கிறிஸ்தவள்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "இந்த நாட்டில் யாரும் தங்கள் நம்பிக்கையை ஒளிக்க வேண்டியதில்லை" என்றார்.

என்ன சொல்வீர்கள் இதற்கு? நாலு தலைமுறை ஞானஸ்நானத்தை ஒரு தட்டில் அழித்துவிட்டார் மனிதர். அந்த வாரமே ஒரு மத்தியானம் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து, பெரிய ஹாம்பர்கர் ஒன்றை வேண்டுமென்றே தின்றேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மற்றவர்களோடு ஒட்டிக்கொள்வதற்காக நான் என் சாமியையே விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்து வருத்தப்பட்டாராம். இதை அந்தப் பண்ணைப் பெண்களில் ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள். நான் என்ன செய்தாலும் அவர் நினைத்ததற்கே சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஓங்கிச் சண்டை போட்டிருக்கலாம், போடவில்லை. பதினோரு நாள் அந்தக் கிளிப்போர்டைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றேன். காரணம், எனக்குப் பயம். கட்டில்லாத, அறுநூறு கிலோ மாடுகள். கூண்டின் இரும்பு அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி பின்னால் போய்விடுவேன். நிழலில் நிற்பது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்துக்காக இன்றைக்கும் என்னையே நான் மன்னிக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ரிச்சர்ட்சனில் ஒரு டாக்டர் வீட்டில் தமிழர்கள் கூடினோம். ஆளுக்கொரு டிஷ் கொண்டுபோயிருந்தோம். என் கணவர் இந்தக் கதையை ஜோக்காகச் சொல்லிவிட்டார். ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்த வீட்டு ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"எவ்ளோ டீசன்டான மனுஷன் பாரும்மா. நம்ம ஊர்ல எந்த ப்ரொபசராவது ஸ்டூடண்டோட ஃபீலிங்ஸைப் பார்த்து இப்படி அட்ஜஸ்ட் பண்ணுவாரா? பேசாம எழுதிக் குடுத்துட்டு வா. வெயில்ல எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றார்.

"ஆன்ட்டி, அது என் ஃபீலிங்ஸே இல்ல."

"இருந்தா என்னம்மா, இல்லாட்டி என்ன? நல்லதுதான பண்றார்."

எனக்குச் சுரீர் என்றது. நல்லது பண்ணுகிறவரை எதிர்த்து எந்த வாயைத் திறப்பது? திறந்தால் நாம்தான் நன்றி கெட்டவள். தட்டில் இருந்த புளியோதரையைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, ஆசிரியர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் தாள். பதினொரு வரியிலும் ‘திருப்தி’. மாட்டைச் சந்துக்குள் நடத்துவது, திருப்தி. கழுத்துக் கதவை மூடுவது, திருப்தி. பசுவின் பின்புறம் தோள்வரை கையை விட்டு, குடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையைத் தடவிச் சினை மாதம் சொல்வது, திருப்தி. நான் ஒரு மாட்டையும் தொட்டிருக்கவில்லை. முதல் நாள் அந்தக் கறுப்பு முதுகைத் தொட்டதைத் தவிர.

"நீ கவனமாகப் பார்த்தாய். எழுதினாய். உன் நம்பிக்கை உன் வேலைக்குக் குறுக்கே நிற்க நான் விடமாட்டேன்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தன்னை நினைத்தே நெகிழ்ந்துபோயிருந்தார்.

தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அப்பாடா. இதுதான் கஷ்டமானதுன்னு பயந்துக்கிட்டே இருந்தியே. சைன் வந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க."

"லைசென்ஸ் வந்தா நீ நாய் பூனை கிளினிக்ல வேலை செய்யப்போற. டல்லஸ்ல யாரு உங்கிட்ட மாட்டைக் கூட்டிட்டு வரப்போறாங்க? டேக் இட் ஈசி."

அப்போதுதான் கல்யாணமாகி இரண்டு வருடமாக அவரிடம் சொல்லாததைச் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே சொன்னேன், உட்கார முடியவில்லை.

ஊரில் என் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். பெரிய மாடு வந்தால் பேராசிரியர், "பொம்பளைப் பிள்ளைங்க தள்ளி நில்லுங்கம்மா, முட்டிடப் போகுது. நோட் எடுங்க" என்பார். பையன்கள் கையை விட்டுப் பார்த்துச் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். என் ரெக்கார்டு நோட்டு அவ்வளவு அழகாக இருக்கும். கன்று கோணலாகத் திரும்பிக் கிடந்தால் எப்படி நேராக்குவது என்பதைக் கலர் பென்சிலால் படம் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் பேராசிரியர் ‘வெரி குட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நோட்டைக் காட்டித்தான் டாக்டர் ஆனேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், ஒரு மத்தியானம், ஓர் அம்மாள் கன்று போட முடியாத பசுவை வாடகை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. நான் கலர் பென்சிலால் வரைந்த அதே படம். கன்றைப் பின்னால் தள்ளி, குளம்பைக் கைக்குள் பொத்தி, காலை நேராக்கி இழுக்க வேண்டும். எனக்கு வரி வரியாகத் தெரியும். கையை விட்டேன். உள்ளே எது கால், எது தலை என்று என் விரலுக்குத் தெரியவில்லை. பசு முக்கும்போது என் கை நசுங்கியது, வெளியே எடுத்துவிட்டேன். பக்கத்து ஊர் டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். அவர் பஸ் பிடித்து வருவதற்குள் கன்றும் போனது, பசுவும் போனது.

அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சின்னப் பிள்ள, நீ என்ன செய்வம்மா" என்று சொல்லிவிட்டு, பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் இருந்தது அந்த ஒரு பசுதான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பசுவை நான்தான் கொன்னேன். ஆனா நான் மட்டும் கொல்லல. 'வெரி குட்'னு சைன் போட்டாரே, அவரும் சேர்ந்துதான். இப்ப இந்த மனுஷன் அதையே பண்றார். அங்க பொம்பளைன்னு, இங்க இந்துன்னு. இந்துவா இல்லாத என்னை" என்றேன்.

கணவர் தாளை மேஜையில் வைத்தார்.

மறுநாள் காலை ஆசிரியருக்கு முன்பே பண்ணைக்குப் போய் ஆபீஸ் வாசலில் நின்றேன். அவர் வந்ததும் தாளை நீட்டினேன். "இதில் இருக்கிறது பொய். இந்தக் கையெழுத்தை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று நாள் என்னை வேலை செய்ய விடுங்கள். வெள்ளிக்கிழமை மற்றவர்களுக்கு வைக்கும் தேர்வை எனக்கும் வையுங்கள்" என்றேன்.

"உன்னை வற்புறுத்த எனக்கு மனம் இல்லை..."

"நீங்கள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் சொன்னதையும் நம்பவில்லை. உங்கள் மனதில் இருக்கும் ஏதோ ஓர் இந்தியப் பெண்ணிடம் கருணை காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு வேண்டுமானால் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு என் கையில் ஒரு மாடு செத்தால், அதன் சொந்தக்காரனிடம் என் மதத்தைச் சொல்வீர்களா?"

கோபத்தில் எனக்கு இங்கிலீஷ் உடைந்துவிடும்; அன்றைக்கு எப்படியோ உடையவில்லை. அவர் முகம் சிவந்தது. இவ்வளவு நல்லது செய்தும் இப்படிப் பேச்சு வாங்குவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தாளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "பட்டிக்குப் போ" என்றார், அவ்வளவுதான்.

மூன்று நாள். பன்னிரண்டு நாள் வேலையை மூன்று நாளில் உடம்பு கற்றுக்கொள்ளாது. லீவரைச் சீக்கிரம் இழுத்தேன், பிறகு தாமதமாக இழுத்தேன், பிறகு சரியாக இழுத்தேன். ஒரு பசு உதைத்து முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்தது. பிளாஸ்டிக் உறையைத் தோள்வரை மாட்டி முதல் பசுவுக்குள் கையை விட்டபோது, ஊரில் அந்தப் பசு செத்த மத்தியானம் மறுபடி கண்முன் வந்தது. கையை எடுக்கவில்லை. பசுவின் சூட்டிலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாணிக்கு அப்பால், பந்துபோல ஒன்று விரல் நுனியில் தட்டுப்பட்டு நழுவியது. கன்றின் தலை. நோட்டில்லை, படமில்லை, என் விரல்தான் சொன்னது. கூண்டின் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். மற்றவர்கள் வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வு. ஊசி, காது அடையாளம், கழுத்துக் கதவு எல்லாம் தேறின. சினை பார்த்ததில் ஐந்து பசுவில் இரண்டுக்கு மாதம் தப்பாகச் சொன்னேன். கடைசியில் மாட்டைச் சந்தில் நடத்தும் வேலை. இந்த ஊரில் மாட்டின் தோளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். நாம் அதன் வால் பக்கமாக ஓர் அடி நடந்தால் அது முன்னோக்கி நடக்கும். இதை மூன்று வாரமாகக் கேட்டு, என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் ஊர் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. மாட்டை நகர்த்த வேண்டுமென்றால் முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. முதல் மாடு சந்தின் நடுவில் நின்றுவிட்டது. நான் பலகையில் ஓடிப் போய் அதன் முகத்துக்கு நேரே நின்று, கையை நீட்டி, "ஹேய், வா வா" என்றேன்.

அது என்னைப் பார்த்தது, பின்னால் பாய்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கடைசி மாடு அந்தக் குறுகலுக்குள் திரும்பப் பார்த்துச் சிக்கிக்கொண்டது. கம்பியில் கை வைத்திருந்த பண்ணைப் பெண் கையை வெடுக்கென்று இழுத்ததால் விரல்கள் தப்பின.

ஆசிரியர் கத்தினார். "மாட்டை வரச் சொல்லிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நிற்பாயா? கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா? இன்னும் அரை நொடியில் அந்தப் பெண்ணுக்கு மூன்று விரல் போயிருக்கும். இறங்கு கீழே." அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை முறைத்தாள், அது நியாயம்தான்.

மத்தியானம் ஆபீசில் புதிய தாளை நிரப்பினார். ஒன்பது வரி எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அந்தப் பழைய கனிவு மெல்லத் திரும்ப வருவதைப் பார்த்தேன்.

"மூன்று நாள்தானே கிடைத்தது உனக்கு. அதுவும் என்னால். இங்கே நான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"எழுதுங்கள்" என்றேன்.

எழுதினார். சினை மாதம், திருப்தியில்லை. மாட்டை நடத்துவது, திருப்தியில்லை. கீழே, ‘மாட்டின் முன்னால் போய் நிற்கிறார். அக்டோபரில் மூன்று வாரமும் திரும்பச் செய்ய வேண்டும்’ என்று எழுதி, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

சாயங்காலம் கணவர் வந்து, மேஜைமேல் கிடந்த தாளை எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஃபெயில்னு போட்டிருக்காரே" என்றார்.

"ஆமா. ரெண்டு தப்பு. ரெண்டும் நானே என் கையால செஞ்சது" என்றேன்.